மன்னர் படம் நேராகத்தான் இருக்கிறது

வசுமதிக்கு மைக் என்றால் உயிர். கொல்கத்தாத் தமிழர்கள் பொங்கலுக்கு மண்டபம் பிடித்தால், சாப்பாடு உண்டா என்பதற்கு அடுத்த கேள்வி, "வசுமதி பேசறாங்களா?" என்பதுதான். டாலிகஞ்சில் ஒரு சின்ன ஃபிளாட், சாந்த்ராகாச்சி யார்டில் ரயில் பெட்டிகளோடு மல்லுக்கட்டும் கணவர் நடராஜன், வெளிநாட்டில் ஒரே பிள்ளை ஹரீஷ். வருஷம் முழுக்க இதற்குள் அடங்கிக் கிடப்பவள், அந்த ஒரு நாள் மேடையேறி எல்லோரையும் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்துவிட்டு வருவாள்.

ஹரீஷ் இருந்தது ஒரு தீவு நாடு. அங்கே ராஜா இருக்கிறார். தலையில் கிரீடத்தை வைத்துக்கொண்டு ரிப்பன் வெட்டும் ராஜா இல்லை. மந்திரியை வைப்பதும் எடுப்பதும், சட்டம் போடுவதும், நீதிபதிகளுக்கு மேலே நீதிபதியாக உட்காருவதும் அவரே. நாட்டின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. வசுமதியே அந்தப் பெயரை வாயால் சொல்லி நாளாயிற்று. கதை சொல்கிறேன் பேர்வழி என்று நான் எதற்கு அவளைப் பயமுறுத்த வேண்டும்?

இந்த வருஷப் பட்டிமன்றத்துக்கு நடுவர் வெங்கட்ராமன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதிலும் வம்பு வேண்டாம் என்று நினைப்பவர். மாமியாரா மருமகளா என்று பேசிப் பேசி ஜனங்களுக்குச் சலித்துவிட்டது. அரசியல் வைக்கலாம் என்றால், இந்த ஊரில் கட்சி பேரை எடுத்தால் மண்டபத்துக்காரர் மறு வருஷம் கதவைத் திறக்க மாட்டார். யாருக்கும் வலிக்காத அரசியலாக ஒன்று வேண்டுமே என்று மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் கண்டுபிடித்தார்: "இந்தக் காலத்தில் மன்னர்களுக்கு ஆட்சி அதிகாரம் வேண்டுமா, வேண்டாமா?"

மன்னர்களைப் பற்றிப் பேசினால் கொல்கத்தாவில் யாருக்கு வலிக்கப்போகிறது?

வசுமதிக்குக் கிடைத்தது 'வேண்டும்' அணி. நன்றாகத் தயார் செய்திருந்தாள். கட்சிகளுக்கு மேலே ஒருவர், தேர்தல் பயமில்லாத ஒருவர், நாடு இரண்டுபட்டால் நடுவில் நிற்க ஒருவர் என்று கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தாள். விழா அன்று எதிரணிப் பேச்சாளர் ஒருவருக்குக் காய்ச்சல். வெங்கட்ராமன் மேடைக்குப் பின்னால் ஓடி வந்தார். "அம்மா, நீங்க அந்தப் பக்கம் போயிடுங்க. தயார் பண்ணாம பேச உங்க ஒருத்தராலதான் முடியும்."

பாராட்டைக் கேட்டால் வசுமதி உருகிவிடுவாள். போனாள்.

பட்டிமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. புத்தகத்தில் படித்ததைச் சொன்னால் கொட்டாவி வரும்; வீட்டுக் கதையைச் சொன்னால் கைதட்டல் வரும். அதனால் எல்லாக் கதையும் வீட்டுக் கதையாகிவிடும். யாரோ சொன்ன துணுக்குக்கூட மேடையில், "எங்க வீட்டுக்காரர் நேத்து என்ன பண்ணினார் தெரியுமா" என்று ஆரம்பிக்கும். கேட்பவர்களுக்கும் அது தெரியும். யாரும் நடராஜனை நிறுத்தி, "நிஜமாவே சட்டையை மாத்திப் போட்டுக்கிட்டு ஆபீஸ் போனீங்களா?" என்று விசாரித்ததில்லை.

அன்றைக்கு வசுமதி சொன்னதோ நிஜமான கதை. ஹரீஷ் போன மாதம் போனில் சிரித்துக்கொண்டே சொன்னது.

"என் பையன் ஹரீஷ் அங்கே பெரிய ஆஸ்பத்திரியில இன்ஜினியர்," என்று நாட்டின் பெயரையும் சொல்லி ஆரம்பித்தாள். "வாசல்ல நுழைஞ்சதும் ராஜா படம். ஒரு நாள் பார்த்தா படம் கோணலா தொங்குது. என் பையன் சும்மா இருப்பானா? நேர் பண்ணக் கையைத் தூக்கினான். 'தொடாதே!'ன்னு பத்து பேர் கத்தினாங்க. ராஜா படத்தைத் தொட அரண்மனையில அனுமதி வாங்கணுமாம். சரி, வாங்குங்களேன்? வாங்க முடியாது. ஏன்னா, ராஜா கோணலா இருக்கார்னு யார் எழுதிக் கேக்கறது?"

மண்டபம் அதிர்ந்தது. வசுமதி விடவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டினாள். "இப்போ ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க எல்லாரும் கழுத்தை இப்படிச் சாய்ச்சுக்கிட்டுக் கும்பிடறாங்களாம். எங்க வீட்டு ராஜாவும் கோணல்தான். ஆனா நான் தட்டி நேர் பண்ணிடுவேன்!"

முன்வரிசையில் நடராஜன் வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தார். வசுமதிக்கு எவர்சில்வர் டிபன் கேரியர் பரிசு.

சங்கத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவள் சுபிக்ஷா. ஜாதவ்பூரில் இருக்கிறாள், சாஃப்ட்வேர் கம்பெனி வேலை. விழா வீடியோவிலிருந்து அந்தக் கோணல் படக் கதையை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டாள். வீடியோ ஓடியது என்றால் அப்படி ஓடியது. மதுரையிலிருந்து பாராட்டு, மலேசியாவிலிருந்து பாராட்டு. வசுமதி குக்கரை வைத்துவிட்டு விசிலை மறந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஹரீஷ் கூப்பிட்டான். வேலை நேரத்தில் கூப்பிடுகிறவன் இல்லை.

"அம்மா, அதை எடுக்கச் சொல்லு."

"எதைடா?"

"வீடியோ. இப்பவே எடுக்கச் சொல்லும்மா. என் பேரைச் சொல்லிட்டியேம்மா." மெல்லிய குரல். பக்கத்தில் யாரோ கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. "நான் வைக்கறேன்."

அதற்குப் பிறகு அவன் போன் அணைந்து கிடந்தது.

வசுமதி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். சுபிக்ஷா போனை எடுக்கவில்லை. ஷேர் ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து ஜாதவ்பூர் போய்ச் சேருவதற்குள் மறுபடி மறுபடி கூப்பிட்டுப் பார்த்தாள். சுபிக்ஷா பதறிப்போய் உடனே வீடியோவை நீக்கினாள். நீக்கிவிட்டு, ஏதோ தேடிப் பார்த்தவள் முகம் வெளுத்தது.

"ஆன்ட்டி, வேற யாரோ எடுத்துப் போட்டிருக்காங்க. நிறைய பேர்." திரையைத் திருப்பிக் காட்டினாள். மேடையில் வசுமதி தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே அந்த நாட்டின் எழுத்தில் வரி வரியாக ஏதோ ஓடியது. ஒரு எழுத்தும் புரியவில்லை. நடுவில் எங்கேயோ தன் பிள்ளையின் பெயர் இருக்கும் என்பது மட்டும் புரிந்தது.

ஹரீஷோடு அறையில் தங்கியிருந்த அனந்த்தான் விஷயத்தைச் சொன்னான். ஆஸ்பத்திரிக்கு ஆட்கள் வந்தார்களாம். ரொம்ப மரியாதையாகப் பேசினார்களாம். சும்மா ஒரு விசாரணை என்று அழைத்துப் போனார்களாம். "ஆன்ட்டி, இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க, ப்ளீஸ்," என்று முடித்துக்கொண்டான். அவன் பயம் அவனுக்கு.

நடராஜன் திட்டவில்லை. திட்டியிருந்தால் வசுமதி அழுது தீர்த்திருப்பாள். அவர் லீவு போட்டுவிட்டுத் அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போன் மேல் போன் போட்டார். மரியாதையாகப் பதில் சொன்னார்கள், விவரம் குறித்துக்கொண்டார்கள், கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போய் வந்தார். வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாருங்க?"

"அங்கே மேல்முறையீடு யார்கிட்ட போகும்னு கேட்டேன். ராஜாகிட்டதானாம்."

"குத்தம் சாட்டறது யாருங்க?"

"அதுவும் ராஜா பேர்லதான்."

வசுமதி 'வேண்டாம்' அணியில் நின்று இதைத்தானே மைக்கில் முழங்கினாள்? வழக்குப் போடுகிறவரும் தீர்ப்புச் சொல்கிறவரும் ஒரே ஆள் என்றால் நியாயத்தை யாரிடம் போய்க் கேட்பது என்று அடுக்கினாளே! அன்று அது வெறும் வாதம். கைதட்டினார்கள், மிக்சர் தின்றார்கள், வீட்டுக்குப் போனார்கள்.

அவளுக்கு எல்லாவற்றின் மேலும் பயம் வந்தது. போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். எதிர்வீட்டு வங்காளிப் பெண், "பௌதி, சேலே கேமோன் ஆச்சே?" என்று மகனைப் பற்றி விசாரித்தால், 'பாலோ', நன்றாக இருக்கிறான், என்று ஒற்றை வார்த்தையில் கதவைச் சாத்தினாள். வீட்டுக்குள் நடராஜனோடு பேசும்போதுகூடக் குரல் தானாக இறங்கியது. டாலிகஞ்சில் ஒரு ஃபிளாட்டுக்குள் பேசுவதை எந்த ராஜா கேட்கப்போகிறார் என்று அறிவு சொல்லும். மண்டபத்தில் பேசியதைக் கேட்டாரே என்று பயம் சொல்லும். பயம்தான் ஜெயித்தது.

பொங்கல் முடிந்த கையோடு வங்காளிகள் கொண்டாடும் சரஸ்வதி பூஜை அன்று அந்த அழைப்பு வந்தது. தெருமுனைப் பந்தலில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. மஞ்சள் புடவையில் சின்னப் பெண்கள் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். திரையில் தெரியாத எண், அந்த நாட்டின் எண். வசுமதி போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அங்கேதான் சத்தம் குறைவு. நடராஜன் கதவுக்கு வெளியே வந்து நின்றார்.

"வணக்கம்மா. ஹரீஷோட அம்மாங்களா?" சுத்தமான தமிழ். தஞ்சாவூர்ப் பக்கத்துக் குரல் மாதிரி இருந்தது. "நான் மொழிபெயர்ப்பாளர். பக்கத்துல அதிகாரி இருக்காரு. நீங்க சொல்றதை நான் அவருக்குச் சொல்லணும். நிதானமா பேசுங்க."

"என் பையன் எங்கே?"

"இருக்காரு."

"அவன்கிட்ட பேசலாமா?"

பின்னால் வேறு மொழியில் முணுமுணுப்பு. "அப்புறம்னு சொல்றாரு. உங்க பேச்சை நான்தாம்மா இவங்க பாஷையில எழுதிக் குடுத்தேன்."

"ஐயா, அது சும்மா சிரிப்புக்குச் சொன்னதுங்க."

"தெரியும்மா." அவர் கொஞ்சம் தயங்கினார். "சிரிப்பை எழுதிக் குடுக்க முடியலம்மா. வார்த்தையைத்தான் எழுத முடிஞ்சுது."

பின்னால் மறுபடி அந்த முணுமுணுப்பு.

"அதிகாரி கேக்கறாரு. படம் கோணலா இருக்குன்னு சொன்னது உங்க பையனா, நீங்களா?"

"நான்தான்! அவன் ஒண்ணும் சொல்லல. நானா கட்டிவிட்டது."

"பையன் சொன்னதா மேடையில சொல்லியிருக்கீங்களேன்னு கேக்கறாரு."

"பட்டிமன்றத்துல அப்படித்தாங்க சொல்லுவோம். எங்க வீட்டுக்காரரைப் பத்திக்கூட எவ்வளவோ சொல்லுவேன். எதுவும் நிஜமில்ல."

இந்த முறை முணுமுணுப்பு நீண்டது. "பட்டிமன்றம்னா என்னன்னு கேக்கறாரு. நான் சொல்லிப் பார்த்தேன். நீங்க சொல்லுங்க."

வசுமதி சொன்னாள். ரெண்டு அணி இருக்கும், யார் எந்தப் பக்கம்னு நடுவர் பிரிச்சு விடுவார், நான் மன்னர் பக்கம்தான் பேச இருந்தேன், ஒருத்தருக்குக் காய்ச்சல், அதனால மாத்திவிட்டாங்க. சொல்லச் சொல்ல அவளுக்கே அது பொய் மாதிரி கேட்டது. நம்பாத ஒன்றை இவ்வளவு நன்றாகப் பேச முடியும் என்றால், இவள் பேச்சை எப்படி நம்புவது? அதிகாரியாக அவளே இருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள்.

"சரிம்மா. அப்போ உங்க உண்மையான கருத்து என்னன்னு கேக்கறாரு. மன்னருக்கு அதிகாரம் வேணுமா, வேண்டாமா?"

வெளியே ஒலிபெருக்கியில் பாட்டு மாறியது. வசுமதி கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்து, பேசாமல் விட்ட பேச்சு முழுசாக ஞாபகம் வந்தது.

"வேணுங்க," என்றாள். "கட்டாயம் வேணும். கட்சிக்காரங்க அடுத்த தேர்தல் வரைக்கும்தான் யோசிப்பாங்க. மன்னர் பேரப்பிள்ளை காலத்தையும் சேர்த்து யோசிப்பாரு. ஓட்டுக்காக ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கும்போது, ஓட்டே கேக்காத ஒருத்தர்தான் நடுவுல நிக்க முடியும். ஒரு வீடுன்னா எல்லாரும் அடங்கற மாதிரி ஒரு ஆள் வேண்டாமா? எங்க வீட்டுல..."

வீட்டுக் கதை வாய்நுனி வரைக்கும் வந்துவிட்டது. பழக்கதோஷம். அப்படியே விழுங்கினாள். மேல்மூச்சு வாங்க, வீட்டுக் கதை இல்லாமல், சிரிப்பு இல்லாமல், ஒரு பேச்சாளர் பேசக்கூடாத விதமாகப் பேசினாள். அந்த நாட்டின் ஆஸ்பத்திரிகளைப் புகழ்ந்தாள். சாலைகளைப் புகழ்ந்தாள். பார்த்தே இராத ஒரு மனிதரின் கருணையைப் புகழ்ந்தாள். எல்லாவற்றையும் அந்தத் தஞ்சாவூர்க் குரல் அலுக்காமல் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தது. வாழ்க்கையிலேயே அவ்வளவு நன்றாக அவள் எந்த மேடையிலும் பேசியதில்லை. கைதட்ட ஒருவரும் இல்லை.

"கடைசியா ஒண்ணு கேக்கறாரும்மா," என்றது குரல். "ஆஸ்பத்திரியில மன்னர் படம் எப்படி இருக்கு?"

"நேராத்தான் இருக்குங்க."

பேனா எதையோ எழுதும் சத்தம். பிறகு போன் கை மாறியது.

"அம்மா." ஹரீஷ். "நான் நல்லா இருக்கேன். சாப்பிட்டேன்."

அவ்வளவுதான். வைத்துவிட்டார்கள். வசுமதி கதவைத் திறந்து வெளியே வந்து, நடராஜன் கையைப் பிடித்துக்கொண்டு கேவிக் கேவி அழுதாள். அவள் கேட்காமல், சாப்பிட்டேன் என்று ஒருநாளும் தானாகச் சொன்ன பிள்ளை இல்லை ஹரீஷ். அவளேதான் ஒவ்வொரு தடவையும், சாப்பிட்டியா சாப்பிட்டியா என்று நச்சரிப்பாள். அதைச் சொல்லச் சொல்லி யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு சேதியும் இல்லை. எப்போது தீர்ப்பு, எதற்குத் தீர்ப்பு, வழக்கு என்று ஒன்று இருக்கிறதா இல்லையா, யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கவேண்டிய ஆள் ஒரே ஒருவர், அவரைக் கேட்க முடியாது. ஹோலிக்குத் தெருவெல்லாம் சாயம் பூசிக்கொண்டு திரிந்தபோது வசுமதி ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம்தான் தூதரகத்திலிருந்து கூப்பிட்டார்கள். மன்னருக்குப் பிறந்தநாள் வருகிறதாம். வருஷா வருஷம் அன்று சிலரை விடுவிப்பாராம். இந்த வருஷம் விடுவிப்பவர்களில் ஹரீஷும் உண்டாம். விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள், இனி அந்த நாட்டுக்குள் கால் வைக்கக் கூடாது.

தம்தம் விமான நிலையத்தில் பிள்ளை வெளியே வந்தான். சட்டை தொளதொளவென்று இருந்தது. முகத்தில் எலும்பு தெரிந்தது. வசுமதி அவனைக் கட்டிக்கொண்டு, தலையைத் தடவி, தோளைத் தடவி, விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தாள். பெரிய மூச்சு ஒன்று வந்தது. அதோடு வார்த்தையும் வந்தது.

"அந்த மகராசன் நல்லா இருக்கணும்டா. குடும்பத்தோட நல்லா இருக்கணும்."

மனசாரச் சொன்னாள். நடிப்பு இல்லை, பயம் இல்லை. ஹரீஷ் அவளையே பார்த்தான். நடராஜன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

டாக்ஸி பைபாஸில் ஏறியது. வசுமதிக்குத் தாங்கவில்லை.

"அந்தப் படத்தை நேராக்கிட்டாங்களாடா?"

"யாரு நேராக்குவா?" ஹரீஷ் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான். "நேராக்கினா, முன்னாடி கோணலா இருந்துச்சுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம். பெட்டியைக் கொண்டுவந்து குடுத்தப்போ அனந்த் சொன்னான்."

வசுமதிக்குச் சிரிப்பு வந்தது. அற்புதமான சிரிப்பு, ஒரு மண்டபத்தையே உருட்டிவிடலாம். வாய்விட்டுச் சிரிக்கப் போனவள், டிரைவரின் தலைக்கு முன்னால் கண்ணாடியில் தெரிந்த இரண்டு கண்களைப் பார்த்தாள். பாவம், பிகார்க்காரர், தமிழே தெரியாது. இருந்தும் அவள் வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள்.

ஹரீஷ் அதைக் கவனித்தான்.

"உள்ளே என்கூட ஒரு நேபாளத்துப் பையன் இருந்தாம்மா," என்றான். "அவனும் ஏதோ சொல்லிட்டானாம். ராஜாவோட போன பிறந்தநாளுக்கு முன்னாடியே பிடிச்சுட்டாங்க. என்னை எதுக்கு விடறாங்கன்னு என்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தான். எங்க அம்மா போன்ல பேசினாங்கன்னு சொன்னேன்."

"அவனுக்கு அம்மா இல்லியா?"

"இருக்காங்க. அவங்களையும் கூப்பிட்டுப் பேசச் சொன்னாங்களாம். அவங்களுக்குப் பேச வரலம்மா. போன்ல அழ மட்டும்தான் வந்துச்சாம்."

வசுமதி தலைப்பை வாயிலிருந்து எடுக்கவில்லை. சற்று முன் தான் கொடுத்த வாழ்த்து நெஞ்சில் முள்ளாக நின்றது. பிடித்துக்கொண்டு போனவரும் அவர்தான், விட்டவரும் அவர்தான். விட்டதற்கு மட்டும் வாழ்த்திவிட்டாள். அந்த வாழ்த்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. எடுத்தால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது. பக்கத்தில் பிள்ளை பத்திரமாக உட்கார்ந்திருக்க, டாலிகஞ்ச் வந்து சேரும்வரை அவள் அதை எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை.